பைக்கில் ஈசியூ ரீஃப்ளாஷ் செய்வதா, தனி ஃப்யூயல் ட்யூனர் மாட்டுவதா?

ஈசியூ என்பது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று முடிவெடுக்கும் சின்னக் கணினி. ரீஃப்ளாஷ் அதற்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுகிறது. ட்யூனரோ ஈசியூவுக்கும், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். தையற்காரரின் அளவுக் குறிப்பைத் திருத்துவது ஒன்று; தைத்து வந்த சட்டையைப் பிடித்துத் தைப்பது இன்னொன்று.

ட்யூனரில் ஒரு சிக்கல் உண்டு. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து ஈசியூவுக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் உள்ள பைக்கில், நிதானமாக ஓட்டும்போது ஈசியூ 14.7:1 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்துக்கே திரும்பத் திரும்ப இழுக்கும். ட்யூனர் சேர்த்த பெட்ரோலை அது குறைத்துவிடும். அதனால் என் ஓட்டு ரீஃப்ளாஷுக்கே. அடிக்கடி சைலன்சர் மாற்றுபவருக்கு ட்யூனர் வசதி, சரி.

எதைப் போட்டாலும் பவர் எகிறும் என்று பலர் நினைக்கிறார்கள். மாற்றம் செய்யாத எஞ்சினில் பெரும்பாலும் கிடைப்பது மென்மையான த்ராட்டில்தான்.