செஞ்சிக் கோட்டை உச்சியில் ஓர் இரவு தங்கலாமா?

கேள்வி: நாங்கள் சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்கள், ஆணும் பெண்ணுமாக ஏழு பேர். அடுத்த பௌர்ணமியன்று செஞ்சியில் ராஜகிரி உச்சியில் கூடாரம் போட்டு, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, விடியலைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று திட்டம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

பதில்: கோட்டைக்குள் இரவு தங்க முடியாது. செஞ்சி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். சுற்றுலா வருபவர்கள் இரவு தங்க அங்கே அனுமதி என்று ஒன்று இல்லை. 1958-ம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த அதன் விதிகளும் இதில் தெளிவாக இருக்கின்றன. ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது. சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘ஐந்நூறு ரூபாய் கொடுங்கள், பின்பக்கமாக ஏற்றிவிடுகிறேன்’ என்று யாராவது சொன்னால் அது அனுமதி ஆகாது. அப்படிப் போனால் நீங்கள் மேலே இருப்பதே யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான வெடிப்பாக நிற்கிறது. அதன் மேலுள்ள பாலத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகார் கான் 1690-ல் செஞ்சியை வளைத்தார், 1698-ல்தான் பிடிக்க முடிந்தது. இந்த மலைகளின் அமைப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரு படையையே தடுத்த அந்தச் செங்குத்தான படிகளில், கால் பிசகிய நண்பரை நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் எப்படி இறக்குவீர்கள்? ஏழு பேரும் உட்கார்ந்து இதை ஒருமுறை பேசிப் பாருங்கள்.

‘நாங்கள் எதையும் சேதப்படுத்த மாட்டோம், குப்பையைக்கூட எடுத்து வந்துவிடுவோம்’ என்பீர்கள். நம்புகிறேன். ஆனால் நெருப்பு மூட்டினால் உங்களை அறியாமலே சேதம் நடந்துவிடும். முன்பு கல் உடைப்பவர்கள் பாறையின் மேல் விறகை எரித்துத்தான் கருங்கல்லைப் பலகை பலகையாகப் பிரித்தார்கள். சூட்டில் மேல்தோல் விரிந்து, அடியிலிருந்து விட்டுப்போகும். குளிர் காய மூட்டும் நெருப்பும் சிறிய அளவில் அதையேதான் செய்யும். புகை சுண்ணாம்புப் பூச்சில் ஏறினால் எளிதில் போகாது. மண்தரையில் மூட்டினாலும் சிக்கல்தான். இன்றைய கரி பழைய மண்ணோடு கலந்துவிட்டால், நாளைக்கு அங்கே அகழாய்வு செய்பவருக்குக் காலக்கணிப்பு குழம்பும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். நம்மிடம் இருப்பது இந்த ஒன்று என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மலைத்தேனீக்களும் இருக்கின்றன. பாறை விளிம்புகளிலும் உயரமான கட்டடங்களிலும் கூடு கட்டும் இனம் இது. புகை பட்டால் கலையும், இரவில் வெளிச்சத்தைத் தேடியும் வரும். உச்சியில் ஓடி ஒளிய இடம் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? இரவைக் கீழே கழியுங்கள், பகல் முழுவதையும் கோட்டைக்குக் கொடுங்கள். செஞ்சியிலேயே விடுதிகள் உண்டு, திருவண்ணாமலை சுமார் 40 கிலோமீட்டர். கூடாரம்தான் வேண்டும் என்றால், சுற்றுவட்டாரத்தில் யாருடைய தோப்பிலாவது, நிலக்காரரின் சம்மதத்தோடு போடுங்கள். ஊரில் ஒருவருக்குத் தெரிந்து தங்குவது எப்போதும் நல்லது. கழிப்பறை இருக்கிறதா, குடிதண்ணீர் கிடைக்குமா, இரவில் வண்டி உள்ளே வர வழி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். அதற்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு அந்தக் கெடுபிடி கூடியிருக்கிறது, கூடியதும் நியாயமே.

போகும் தேதியை மட்டும் மாற்றுங்கள். பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் லட்சக்கணக்கில் திரளும். அங்கே அறை கிடைப்பது அரிது, திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகப் போகும் சாலை முழுக்கச் சிறப்புப் பேருந்துகளாக இருக்கும். வளர்பிறை துவாதசி அல்லது திரயோதசியன்று போங்கள். பொழுது சாயும் முன்பே நிலா எழுந்திருக்கும், இருட்டியதும் நல்ல உயரத்தில் நிற்கும். அடிவாரத்துக்கு வெளியே தோப்பிலிருந்து பார்த்தால் கோட்டையின் மூன்று மலைகளின் வரிவடிவமும் தெரியும். மேலே போய்விட்டால் அந்தக் காட்சியே கிடைக்காது. மாதத்தில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் பாறைகள் பகல் சூட்டை இரவெல்லாம் வெளியே விடும், தூக்கம் வராது. அக்டோபர், நவம்பரில் மழையோடு இடியும் மின்னலும் வரும்.

எடுத்துப்போகும் பொருள்களில் முக்கியமானது, அடித்தளம் சேர்த்துத் தைத்த, ஜிப் முழுமையாக மூடும் கூடாரம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடி பல நேரம் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொருகுதல், பேச்சுக் குழறல் என்று ஆரம்பிக்கும். யாருக்காவது அப்படி வந்தால் ‘நேற்றுச் சாப்பாடு சேரவில்லை’ என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த இடத்தை அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

அப்புறம், ஏறும் நேரம். காலையில் வாசல் திறந்ததும் நுழைந்து முதலில் ராஜகிரி ஏறுங்கள். பிற்பகலில் மேலே ஏற விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், உச்சியில் கடை எதுவும் இல்லை. கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு பிடுங்கிவிடும், முதுகுப்பைக்குள் வையுங்கள். இறங்கி வந்து கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியத்தையும் நிதானமாகப் பாருங்கள். மறுநாள் காலை கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி ஏறலாம். அவ்வளவு உயரம் ஏற முடியாதவர்கள் சிங்கவரம் குடைவரைக் கோயிலுக்கும், அருகில் பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கும் திருநாதர்குன்றுக்கும் போய் வரட்டும்.

வரலாற்றுக் கோட்டை ஒன்றின் நிழலிலேயே தூங்க வேண்டும் என்ற ஆசை அப்போதும் தீராவிட்டால், மகாராஷ்டிரத்தில் லோணாவளா பக்கம் ராஜ்மாச்சிக்குப் போங்கள். ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்ற இரண்டு கோட்டைகளுக்கு அடியில் உதேவாடி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ளவர்களே கூடாரம் போட இடமும் வீட்டுச் சாப்பாடும் தருகிறார்கள், நீங்கள் கொடுக்கும் பணமும் அந்த ஊருக்கே போகிறது. மழைக்காலத்துக்குச் சற்று முன்பு போனால் மின்மினிகளையும் பார்க்கலாம். அந்தப் பருவத்தில் வார இறுதிக் கூட்டம் அதிகம், வாரநாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.