கேள்வி – பதில்

கேள்வி: பர்மா கம்யூனிஸ்ட்டுகள் செங்கொடி, வெண்கொடி என்று ஏன் பிரிந்தார்கள் தாத்தா?
– வாசகி, மோல்மேன்

பதில்: அம்மாடி, 1939-இல் தொடங்கிய கட்சி அது. ஆங் சான்தான் முதல் பொதுச்செயலாளர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், சண்டையில்லாமலே சுதந்திரமும் சோசலிசமும் கிட்டும் என்று தலைமை நம்பியது. கட்சித் தலைவர்களில் ஒருவரான தக்கின் சோ அதைத் துரோகம் என்றார். 1946-இல் செங்கொடிக் கட்சியைத் தனியே தொடங்கினார். தலைமையில் இருந்த தக்கின் தான் துன் என்பவரோடு நின்றவர்கள் வெண்கொடி.

அப்பாவின் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அரிசி ஆலைத் தொழிலாளிகள் இரண்டு பேர், அதன்பின் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். டம்ளரைக்கூடக் கைமாற்ற மாட்டார்கள். அப்பா கடைசிவரை அதைச் சொல்லி வருந்தினார்.

சரி, வெண்கொடியாவது அமைதி வழியில் நின்றதா? இல்லை. 1948 மார்ச்சில் அதுவும் ஆயுதம் எடுத்தது. அந்தத் திருப்பத்துக்கு வாதாடியவர்களில் ஒருவர் வங்காளி வம்சத்து கோஷல். நம்மைப்போல வந்தேறிக் குடும்பம். அப்புறம் கட்சி சீனாவின் மாவோ பாதைக்குப் போனபோது அவரையே திருத்தல்வாதி, அதாவது கொள்கையைத் திரித்தவர், என்றார்கள். 1967-இல் பெகு யோமா காட்டில் சொந்தத் தோழர்களே கொன்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. மறு வருஷம் தக்கின் தான் துனும் கூட இருந்தவன் கையாலேயே செத்தார். 1989-இல் கட்சிப் படையிலேயே இருந்த கொக்காங், வா இனத்தவர் கலகம் செய்ய, மிச்சத் தலைவர்கள் சீனாவுக்கு ஓடினார்கள்.