82 விதை வைத்துவிட்டு சிடியில் 85 என்கிறார்களே, எம்ஆர்ஐ வேறு எதற்கு?

களியக்காவிளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: புற்றுநோய்க்காக அப்பாவின் புராஸ்டேட் சுரப்பியில் 82 அயோடின் விதை (உள்ளிருந்தே கதிர் வீசும் சின்ன உலோகக் குச்சி) வைத்தார்கள், முப்பதாம் நாள் சிடி ஸ்கேனில் 85 என்று வருகிறது, எம்ஆர்ஐயும் கேட்கிறார்கள், காசு பிடுங்கும் வேலையா என்று.

85ஐப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு விதை சுமார் 4.5 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. தடிமன். சிடியை 3 மி.மீ. துண்டுகளாக எடுக்கும்போது ஒரே விதையின் தலை ஒரு படத்திலும் வால் அடுத்த படத்திலும் விழும். மென்பொருள் அதை இரண்டாக எண்ணிவிடும். ஒட்டிக்கிடக்கும் இரண்டை ஒன்றாக எண்ணுவதும் உண்டு. இடுப்பு எக்ஸ்ரேயில் ஒருமுறை எண்ணினால் விஷயம் தீர்ந்தது. அதிலும் 81தான் இருந்தால், ஒன்று சிறுநீரோடு போயிருக்கும், இல்லையென்றால் ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போயிருக்கும். மார்பு எக்ஸ்ரேயில் தெரியும்; பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை.

சுரப்பிக்கு எவ்வளவு கதிர், அதாவது டோஸ், கிடைக்கிறது என்று கணக்குப் போடத்தான் இந்த ஸ்கேன். அதற்கு ஒரு மாதம் காத்திருப்பது வீக்கத்துக்காக. விதை வைக்க ஊசி குத்திய அன்று சுரப்பி உப்பி விதைகள் விலகி நிற்கும். அன்றே கணக்குப் போட்டால் டோஸ் குறைவாகத் தெரியும். விதையில் இருக்கும் அயோடின்-125இன் அரை ஆயுள், அதாவது கதிர் பாதியாகக் குறையும் காலம், 59.4 நாள். முப்பது நாளில் கதிர் 30 சதவீதம்தான் தீர்ந்திருக்கும். இன்னொரு வகை விதையான பல்லேடியம்-103 என்றால் அரை ஆயுள் 17 நாள்தான், அதற்குப் பதினாறாம் நாள் வாக்கில் எடுப்பார்கள்.

இனி எம்ஆர்ஐ. சிடியில் விதை பளிச்சென்று தெரியும், சுரப்பியின் ஓரம் தெரியாது. டைட்டானியம் உறையிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கோடுகள் வேறு படத்தைக் கெடுக்கும். ஓரத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டால், 90 சதவீதச் சுரப்பிக்குக் கிடைத்த குறைந்தபட்ச டோஸ், அதாவது ரிப்போர்ட்டில் டி90 என்று இருப்பது, இல்லாத குறையைக் காட்டும். விதை மட்டுமே சிகிச்சை என்றால் எழுதிக்கொடுக்கும் அளவு 145 கிரே (கிரே என்பது கதிர் டோஸின் அலகு). அதை ஒட்டித்தான் இந்த எண்ணைப் பார்ப்பார்கள். டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் நேர்மாறு: சுரப்பி தெளிவு, விதை வெறும் கறுப்புப் புள்ளி. ரத்தக்குழாயும் சுண்ணக்கட்டியும் அதே கறுப்புதான். அதனால்தான் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறார்கள். இங்கேதான் பிழை புகும். இடுப்பெலும்பை வைத்துப் பொருத்தக் கூடாது. மலக்குடலும் மூத்திரப்பையும் நிறைவதைப் பொறுத்து சுரப்பி நகரும், எலும்பு நகராது. விதைக்கு விதை பொருத்த வேண்டும். கூடுமானால் இரண்டு ஸ்கேனும் ஒரே நாளில்.

சிடியை மட்டும் வைத்தே நன்றாகச் செய்கிற கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் ஓரம் வரைவது ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் உண்மை.

எரிச்சல் ஒன்று. பெரிய கவரில் பிலிமைப் போட்டுக் கொடுக்கிறார்கள் ஸ்கேன் சென்டர்காரர்கள், ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி. டோஸ் கணக்குக்கு அது ஒன்றுக்கும் ஆகாது. எம்ஆர்ஐயை நாகர்கோவிலில் எடுத்துத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால், டைகாம் கோப்புகள் (ஸ்கேன் படங்களின் மூலக் கணினிக் கோப்புகள்) உள்ள குறுந்தகடு வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். துண்டு 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, நடுவில் இடைவெளி விடக் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். 5 மி.மீ.யில் எடுத்துவிட்டால் பாறசாலை தாண்டித் திருவனந்தபுரம் வரை போய்ச் சும்மா திரும்பி வர வேண்டியதுதான்.