பிடித்த வேலைக்கு மணி பார்ப்பதா?

அன்புள்ள சார்,

சினிமாவுக்குக் கணினியில் காட்சிகளை உருவாக்கும் விஎஃப்எக்ஸ் துறையில், தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைக்கும் காம்பாசிட்டராக ஆறு வருடமாக இருக்கிறேன். நான்கு மாதமாக டெலிவரி, டெலிவரி என்று வாரத்துக்கு 80 மணி நேரம் போகிறது. ஞாயிறும் கிடையாது. கேட்டால், "பிடித்த வேலைக்கு யாராவது மணி பார்ப்பார்களா?" என்கிறார் எங்கள் லீட். உங்கள் கட்டுரையில் வந்த வரி அது. வாட்ஸப் குழுவிலும் போட்டு வைத்திருக்கிறார். நாவல் எழுதும்போது நீங்களும் விடிய விடிய உட்கார்ந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் எனக்குத்தான் இந்த வேலை மீது பிரியம் குறைந்துவிட்டதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

குறையவில்லை. நான் எழுதிய வரியை வைத்து உங்களை வேலை வாங்குகிறார்கள் என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நாவலுக்காகக் கண்விழித்த இரவுகளில், நினைத்த நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு நான் படுக்கலாம். மறுநாள் எழுதாவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. உங்கள் இரவு அப்படியில்லை. உங்கள் துறையில் பெரும்பாலும் மொத்தத் தொகை பேசித்தான் ஷாட்டுகளை எடுக்கிறார்கள். ஓகே ஆன ஷாட், "வானம் வேறு மாதிரி வேண்டும்" என்று திரும்பி வரும். தொகை ஏறாது, தேதியும் நகராது. அப்புறம் மிச்சமிருப்பது உங்கள் தூக்கம்தான். யாரோ போட்ட தப்புக்கணக்கை நீங்கள் உடம்பைக் கொடுத்து ஈடுகட்டுகிறீர்கள். இதில் பிரியம் எங்கே வந்தது?

2013 பிப்ரவரியில் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்தில் வரும் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதம்தான் திவால் மனு போட்டிருந்தது. அரங்கத்துக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். விருது வாங்கியவர் மேடையில் அந்த நெருக்கடியைச் சொல்லத் தொடங்கியதும், இசையை ஏற்றி அவர் பேச்சை முடித்துவிட்டார்கள்.

வீடியோ கேம் துறையிலும் இதே கதைதான். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸில் வேலை பார்த்த ஒருவரின் துணைவி 2004ல் எழுதிய கடிதம் பிரபலம். 'இப்போதே கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் கடைசியில் நெருக்கடி வராது' என்றுதான் ஆரம்பித்தார்களாம். அது காலை 9 முதல் இரவு 10 வரை, ஏழு நாளும், எப்போதாவது ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் ஓய்வு, சராசரியாக வாரம் 85 மணி நேரம் என்று போய் நின்றது. அந்த நிறுவனத்தின் கலைஞர்கள் தொடுத்த ஓவர்டைம் வழக்கு 2005ல் 1.56 கோடி டாலருக்குச் சமரசமானது.

எழுத வருவதற்கு முன் நானும் எடிட்டிங்கில் இருந்தேன். மூன்று நாள் சரியாகத் தூங்காத ஓர் இரவில், ஒலியை நான்கு ஃபிரேம் தள்ளி வைத்துவிட்டேன். ரீல் முழுக்க உதடும் சொல்லும் ஒட்டவில்லை. காலையில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. மூவருமே தூங்காதவர்கள். வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு வந்த டிரெய்னிப் பெண் கதவருகே நின்றபடியே, "சிங்க் போயிருக்கே சார்" என்றாள். அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் போனது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை முறை திரும்பி வந்தது, எத்தனை மணி நேரம் பிடித்தது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது, 'இதைச் செய்தால் டெலிவரி இத்தனை நாள் தள்ளும், எப்படிச் செய்யலாம்?' என்று மெயிலில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், பக்கத்து சீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில், மார்வெல் ஸ்டுடியோஸில் நேரடியாக வேலை பார்த்த விஎஃப்எக்ஸ் பணியாளர்களில் வாக்களித்த அத்தனை பேரும் தொழிற்சங்கம் வேண்டும் என்றார்கள். அவர்களும் முதலில் இரண்டு மூன்று பேராகத்தான் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

அந்த வரியை இன்று கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். குழுவிலிருந்தும் எடுக்கச் சொல்லி நான் கேட்டதாக உங்கள் லீடிடம் சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம். நான்கு மாதமாக அவரும் தூங்கியிருக்க மாட்டார்.