சம்பளம், பங்கு, ஃபண்ட்: மூன்றும் ஒரே துறையில் இருந்தால்?

கேள்வி: எனக்கு வயது 38. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஓராண்டாக எங்கள் பிரிவில் புதிதாக ஆள் எடுக்கவில்லை. விலகிப் போனவர்களின் வேலையை ஏஐ கருவிகளை வைத்து நாங்களே செய்கிறோம். என் சேமிப்பில் பாதிக்கு மேல் எங்கள் நிறுவனப் பங்குகள்தான். மீதியில் பெரும்பகுதி தொழில்நுட்பத் துறை ஃபண்டில் இருக்கிறது. கையில் இருக்கும் ரொக்கம் இரண்டு மாதச் செலவுக்கு வரும். வீட்டுக் கடனும் பாக்கி. ஒரு ஏஐ ஸ்டார்ட்அப் என்னை அழைக்கிறது. சம்பளம் கால் பங்கு குறைவு, ஆனால் ஸ்டாக் ஆப்ஷன் (நிறுவனப் பங்கை இப்போதே குறித்த விலையில் பின்னாளில் வாங்கும் உரிமை) தருகிறார்கள். இந்தத் துறையில் இனி வேலை இருக்குமா? நான் அங்கே போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த இரண்டு மாதக் கையிருப்புதான். அதற்கு வருகிறேன். முதலில் வேலை நிலவரம்.

இப்போதைய ஆட்குறைப்புக்கு ஏஐ மட்டும் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம், இணையப் பயன்பாடு உச்சத்தில். நிறுவனங்கள் ஆட்களை அள்ளிச் சேர்த்தன. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஊழியர் எண்ணிக்கை 2019 இறுதியில் சுமார் 45,000. 2022-இல் 87,000-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்த, மலிவான பணம் நின்றது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 என்று அறிவித்தன. சாட்ஜிபிடி அப்போது வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

ஏஐயின் தாக்கம் அதற்குப் பிறகு வந்தது. அது உண்மையானது, ஆனால் ஒரே திசையில் போகவில்லை. ஸ்வீடனின் க்ளார்னா என்ற நிதிச் சேவை நிறுவனம் தன் ஏஐ உதவியாளர் 700 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் வேலையைச் செய்வதாக 2024-இல் சொன்னது. அடுத்த ஆண்டே, சேவையின் தரம் குறைந்ததை அதன் தலைவர் ஒப்புக்கொண்டு மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை, எல்லாத் துறைகளையும் சேர்த்து 2030-க்குள் 17 கோடி புதிய வேலைகள் உருவாகும், 9.2 கோடி வேலைகள் மறையும் என்று கணிக்கிறது. கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் மறையும் வேலையில் இருப்பவருக்கே புதிய வேலை கிடைக்கும் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை.

தொழில் நடக்கும் விதமும் மாறுகிறது. இதுவரை மென்பொருளை இத்தனை பயனர்களுக்கு இவ்வளவு என்று விற்றார்கள். அந்தப் பயனர்கள் செய்யும் வேலையை ஏஐயே செய்தால் பயனர்களே குறைவார்கள். அதனால் பயன்பாட்டுக்கோ முடித்துத் தந்த வேலைக்கோ கட்டணம் என்ற முறைக்குச் சில நிறுவனங்கள் நகர்கின்றன. ஆள் கணக்கில் பில் போடும் சேவை நிறுவனங்களுக்கும் இதே நெருக்கடிதான். உங்கள் நிறுவனம் எதை வைத்துச் சம்பாதிக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் வேலையின் ஆயுளைப் பற்றி அதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

சோதனைத் துறைக்கு எதிர்காலம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. இயந்திரம் எழுதும் மென்பொருள் நிரல் பெருகப் பெருக, அதைச் சரிபார்த்துப் பொறுப்பேற்க ஆள் வேண்டும். எழுதிவைத்த பட்டியலை அப்படியே ஓட்டிப் பார்க்கும் வேலைதான் முதலில் போகும்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் சம்பளம், பங்கு, ஃபண்ட் மூன்றுமே ஒரே துறையை நம்பி நிற்கின்றன. துறை சரிந்தால் வேலை போகிற அதே மாதத்தில் சேமிப்பும் பாதியாகலாம். 2001 டிசம்பரில் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் திவாலாவதற்கு முன், ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கு மேல் அதன் சொந்தப் பங்கிலேயே இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒன்றாகவே போயின. நல்ல நிறுவனங்கள் நிறைந்த ஃபண்டுக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது. 2000 மார்ச்சில் உச்சம் தொட்ட, தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு, இரண்டரை ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது. பழைய உச்சத்தை மறுபடி எட்ட 2015 ஆனது. அவ்வளவு காலம் காத்திருக்க உங்கள் வீட்டுக் கடன் விடாது.

உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்தப் பங்குகளின் மதிப்பு இன்று ரொக்கமாகக் கைக்கு வந்தால், அதைக் கொண்டு உங்கள் நிறுவனப் பங்கையே வாங்குவீர்களா? மாட்டேன் என்றால், வைத்திருக்கவும் காரணம் இல்லை. வரியையும், ஊழியர்கள் விற்கக் கூடாத காலங்களையும் பார்த்துக்கொண்டு ஓராண்டுக்குள் படிப்படியாக விற்று, மொத்தச் சேமிப்பில் பத்து சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். முதலில் விற்று வரும் பணம் கையிருப்புக்குப் போகட்டும். கடன் தவணையும் சேர்த்து ஒன்பது மாதச் செலவாவது வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் ஆறு மாதம் உங்களுக்குப் போதாது. அனுபவம் கூடிய பதவிகளுக்கு வேலை தேடும் காலமும் நீளும். அப்புறம் வருவதைப் பல துறைகள் கலந்த, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்துப் போடுங்கள். இப்போது மொத்தமாகக் கடனை அடைக்க வேண்டாம். வங்கிக்குப் போன பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது.

ஸ்டார்ட்அப்புக்கு இன்றைய நிலையில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். கையிருப்பு சேர்ந்த பிறகும் வாய்ப்பு இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் குறைந்த சம்பளத்தில் மாதச் செலவும் தவணையும் அடங்க வேண்டும். ஸ்டாக் ஆப்ஷனின் மதிப்பைப் பூஜ்யம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். கையில் உள்ள நிதி இன்னும் எத்தனை மாதம் தாங்கும், நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர்கள் தங்களுக்குரிய தொகையை எடுத்த பிறகு ஊழியர்களுக்கு என்ன மிஞ்சும், வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் ஆப்ஷனைப் பணம் கட்டி வாங்க வேண்டும் என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். நிதி பதினெட்டு மாதத்துக்குக் கீழே என்றால் அடுத்த ஃபண்டிங் வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது.