வண்டி இருக்கும்போது சைக்கிளில் போவதில் அப்படி என்ன சுகம்?

கேள்வியோடு "பைக் வாங்க வசதி இருப்பவர்கள் சைக்கிளில் போவது வெறும் வீம்புதானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த 'வீம்பு'தான் என்னை எழுத வைத்தது. என் வீட்டிலும் பைக் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. சைக்கிளில் போவது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன்.

உங்கள் அலுவலகம் சைக்கிளில் போகிற தூரத்தில்தான் இருக்கும், உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருக்கும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம்தான் தடுக்கிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இப்படி ஒரு கேள்வி வந்திருக்காது.

நான் ஆரம்பித்தது தூக்கம் கெட்டுப்போயிருந்த ஒரு காலத்தில். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் மண்டைக்குள் அலுவலகம் ஓடிக்கொண்டே இருக்கும். பைக்கில் வரும்போது சிக்னலுக்குச் சிக்னல் எரிச்சல் ஏறியதுதான் மிச்சம். சைக்கிளுக்கு மாறியதும் முதலில் மாறியது இந்தத் திரும்பி வரும் நேரம்தான். கிளம்பும்போது மேலாளர் சொன்னதும் நான் பதில் சொல்லாமல் விட்டதும் கூடவே வரும். அப்புறம் பாலத்து ஏற்றம் வரும், அதில் மூச்சைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாது. உச்சிக்குப் போய் மிதிப்பதை நிறுத்திவிட்டு இறக்கத்தில் சும்மா உட்கார்ந்து வரும்போது பின்சக்கரத்தில் கிர்ரென்று ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், முகத்தில் காற்று அடிக்கும், அந்தச் சில நொடிகளில் அலுவலகம் எங்கேயோ போய்விடும். அதே இறக்கத்தில் பைக்கில் எத்தனையோ முறை வந்திருக்கிறேன், இந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை. இதில் ஏறி வந்தது நானாயிற்றே.

இன்னொன்று, காது. மாடியில் யாரோ பாட்டுப் பழகுவது, மழைக்கு முன்னால் இலைகள் சலசலப்பது எல்லாம் கேட்கும். தெரிந்தவர் எதிரே வந்தால் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம்.

உடம்புக்கு என்ன லாபம் என்றால், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக 15 நிமிடம், வர 15 நிமிடம் என்று வாரத்தில் 5 நாள் மிதித்தாலே அது வந்துவிடுகிறது, தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். மூட்டில் உடல் எடை முழுதாக இறங்காததால் ஓடுவதைவிட முழங்காலுக்கு இதம். ஆனால் அதே காரணத்தால் எலும்பு உறுதிக்கு இது மட்டும் போதாது, நடையும் கொஞ்சம் பளு தூக்குவதும் வேண்டும். சர்வரோக நிவாரணி என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

மழையில் என்ன செய்வாய், குழந்தையை எப்படிக் கூட்டிப்போவாய் என்று எழுதப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அந்த நாட்களில் பைக்கை எடுக்கிறேன். எல்லாரும் வண்டியை விற்றுவிடுங்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை.

"ஓட்டிப் பார்த்தேன், தொடை வலிதான் மிச்சம்" என்பவர்களில் பலரின் சைக்கிளைப் பார்த்தால் சீட்டு தாழ்ந்திருக்கும், டயரில் காற்று இருக்காது. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் உயரம். காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் ரொம்பக் குலுங்குகிறதே என்றுதான் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்தார், 1888-ல் காப்புரிமையும் வாங்கினார். அவ்வளவு நல்ல விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு காற்றில்லாமல் மிதித்தால் தொடை வலிக்காமல் என்ன செய்யும்?

கேட்காத விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கார் நிறுத்த நிழல், பைக் நிறுத்தக் கூரை, சைக்கிளுக்கு மட்டும் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் இடம். கூரைக்கு அடியில் ஒரு கம்பி நட்டுத் தாருங்கள், பூட்டிக்கொள்கிறேன் என்று எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை. சைக்கிள் செய்கிறவர்களும் அப்படித்தான். பார்க்க வேகமாகத் தெரிய வேண்டும் என்று மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலும்புக்கூடாக விற்கிறார்கள். தினமும் வேலைக்குப் போகிறவன் மதியச் சாப்பாட்டை எங்கே வைப்பான்? மழைத் தண்ணீர் முதுகில் கோடு போட்டால் எப்படி அலுவலகத்துக்குள் நுழைவான்?

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் சட்டத்தில் மட்கார்டும் கேரியரும் முடுக்கத் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், அப்புறம் கியரைப் பற்றிக் கேளுங்கள்.