பெட்ரோல் போட்ட உடனே மட்டும் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. மற்ற நேரங்களில் ஒரு தொந்தரவும் இல்லை. பங்கில் கலப்படமா?

கலப்படமாக இருக்க வாய்ப்பு குறைவு. மும்பையில் எந்தக் கார் மக்கர் பண்ணினாலும் முதல் பழி பங்க் மேல்தான் விழும். உங்கள் விஷயத்தில் பங்க்காரர் பாவம் என்றுதான் தோன்றுகிறது.

யோசித்துப் பாருங்கள். கெட்ட பெட்ரோலோ, தண்ணீர் கலந்ததோ, தவறிப்போய் டீசலோ ஊற்றினால்கூட, டேங்கிலிருந்து இன்ஜின் வரை போகும் குழாயில் பழைய பெட்ரோல்தான் நிற்கும். வண்டி அதில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு சிக்னலைத் தாண்டி, கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம்தான் திணறி நிற்கும். பங்கிலேயே அடம்பிடிக்கிறது என்றால் புதுப் பெட்ரோல் இன்னும் இன்ஜினுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆனால் அதன் ஆவி போய்ச் சேர்ந்திருக்கலாம்.

கேனிஸ்டர் என்று கரி நிரப்பிய டப்பா ஒன்று இந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களில் உண்டு. டேங்கில் எழும் ஆவியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடி இன்ஜின் சூடானதும், கேனிஸ்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் பர்ஜ் வால்வு திறக்கும், இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். இன்ஜினை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். அது மூடாமல் சிக்கிக்கொண்டால்தான் வம்பு. டேங்கில் 30 லிட்டர் இறங்குகிறது என்றால், அந்த இடத்தில் இருந்த 30 லிட்டர் ஆவியும் காற்றும் எங்கேயாவது போயாக வேண்டும் அல்லவா? அதில் ஒரு பகுதி கேனிஸ்டர் வழியாக, திறந்து கிடக்கும் வால்வைத் தாண்டி இன்ஜினுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் சாவியைத் திருப்பும்போது உள்ளே பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. செல்ஃப் எடுக்கும், இன்ஜின் பிடிக்காது.

அடுத்த முறை இப்படி ஆனால் கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். முழுக்க மிதித்திருந்தால் பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், செல்ஃப் மோட்டார் சூடேறிவிடும். அதற்குள் பின்னால் ஹாரன் அடித்தவர்களே இறங்கித் தள்ள வருவார்கள், நம்மூர் அப்படி. வண்டியை ஓரங்கட்டத் தள்ளச் சொல்லுங்கள், தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். நன்றாக ஓட்டிவிட்டு, பெட்ரோல் போடாமல், டீக்கடையில் ஐந்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் தகராறு என்றால் பர்ஜ் வால்வை விட்டுவிட்டு, டேங்குக்குள் இருக்கும் ஃப்யூவல் பம்ப், பேட்டரி, சென்சார் என்று தேட வேண்டும். பெட்ரோல் போட்டால் மட்டும்தான் என்றால் பெரும்பாலும் வால்வுதான்.

என் மைத்துனர் காரிலும் இதே கதை. ஒரு சர்வீஸ் சென்டரில் ஃப்யூவல் பம்ப்பையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். செம்பூரில் எங்களுக்குத் தெரிந்த திருநெல்வேலிக்கார மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பானட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் மூக்கு நீட்டிய ஒரு சின்ன பிளாஸ்டிக் சாமானைக் கழற்றினார். கைத்துணியில் துடைத்து, ஒரு மூக்கில் வாய் வைத்து ஊதினார். “இந்தப் பக்கம் விரல வைங்க அண்ணாச்சி. கரண்டு இல்லாதப்ப இது மூடி இருக்கணும். காத்து வருதா இல்லியா?” நன்றாகவே வந்தது. புதுசு மாட்டியதோடு சரியாகிவிட்டது. ஃப்யூவல் பம்ப் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஸ்கேனர் போட்டால் பி0441 அல்லது பி0496 என்று எரர் கோடு வரலாம். கோடு வராமலும் இருக்கலாம், அதனால் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாசில் டக்கென்று நின்ற பிறகும், “ரவுண்டா ரெண்டாயிரம் ஆக்கிடவா சாப்?” என்று கேட்பார்களே, அதற்குத் தலையாட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிடும். வால்வை மாற்றியும் தொந்தரவு தொடர்ந்தால் அடுத்து கேனிஸ்டரைத்தான் பார்க்க வேண்டும்.

பங்கை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் நின்றால் மட்டும் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள், அதுவும் மழைக்காலத்தில். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், ஃப்யூவல் பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். டீசல் மாறி விழுந்தது பங்கிலேயே தெரிந்துவிட்டால் சாவியைத் தொடவே கூடாது.

செல்ஃப்பே எடுக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டும் ஏசி ஃபேனும் ஓடினால் வயதான பேட்டரி படுத்துவிடும். உங்களுடையது கம்பெனியிலேயே பொருத்திய சிஎன்ஜி கார் என்றால் முதலில் கேஸ் நிரப்பும் இடத்து மூடியைப் பாருங்கள். அது சரியாக மூடாமல் இருந்தால் ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று பல மாடல்களில் உண்டு. மூடியை ஒரு தரம் திறந்து அழுத்தி மூடினால் போதும், வண்டி கிளம்பிவிடும்.